அப்பா எழுந்து போகாத பந்தி

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

போதகர் கையில் அப்பம் இருந்தது. காகிதம் மாதிரி மெல்லிசான வெள்ளை வட்டம். அதைத் திராட்சரசத்தில் நனைத்து உதட்டருகே கொண்டுபோயிருந்தார். ஒரு சொட்டு தலையணை உறையில் விழுந்து சிவப்பாகப் பரவியது. மேஜை விசிறி தலையைத் திருப்பித் திருப்பி எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. டெட்டால் வாசனை. காளவாசல் பக்கம் ஏதோ பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

அப்பா மயக்கத்தில் மூடவில்லை. பிடிக்காத மருந்தைப் பார்த்த பிள்ளை போலப் பல்லைக் கடித்து, தெரிந்தேதான் மூடினார்.

"என்னங்க, வாயத் தொறங்க. இன்னைக்காவது வாங்கிக்கங்க" என்று அம்மா அவர் தாடையைப் பிடித்தார்.

போதகர் சின்ன வயது. எங்கள் சபைக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை. அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, உங்கள மாதிரி நல்ல மனுஷன் நம்ம சபையில கிடையாது. நீங்க எந்தத் தப்பும் பண்ணல. அது கர்த்தருக்குத் தெரியும். தைரியமா வாங்கிக்கங்க" என்றார்.

அதைக் கேட்டதும் அப்பா முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி கேன்டீனில் நடந்த சாம்பார் சண்டையை எழுதியிருந்தேன். வாசகர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை. அப்பா சாகக் கிடந்த அந்த மத்தியானத்தை எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் அவர் ஏன் வாயை மூடினார் என்று சொல்லியாக வேண்டும்.

முதல் ஞாயிறு

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போவார்கள். பலிபீடத்துக்கு முன் மரக் கம்பி அடைப்பு ஒன்று இருக்கிறது. அதன் அடியில் வரிசையாக முழங்கால் போட்டுக் கையை நீட்டுவார்கள். போதகர் அப்பம் வைப்பார். பின்னாலேயே கிண்ணம் வரும். ஒரு வரிசை எழுந்தால் அடுத்த வரிசை. இதைத்தான் நாங்கள் பந்தி என்போம்.

அப்பா பெஞ்சின் ஓரத்தில், நடைபாதையை ஒட்டி உட்காருவார். எங்கள் பெஞ்சின் முறை வந்ததும் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி எங்களுக்கு வழி விடுவார். நாங்கள் அவர் வேட்டியை உரசிக்கொண்டு போவோம். வாயில் இனிப்பும் புளிப்புமாகத் திரும்பி வருவோம். மறுபடி காலை ஒதுக்குவார். வேதப்புத்தகம் மடியில் மூடியபடி இருக்கும். நான் பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் முடிந்து, அந்தக் கல்யாணமும் முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் அப்பா அப்படியே காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சபையில் பேசாமல் விடுவார்களா? அவருக்குச் சர்க்கரை, ரசம் ஆகாது என்றார்கள். யாரோடோ பகை, பகையோடு பந்திக்குப் போகக் கூடாதென்று உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். கர்வம் என்றும் சொன்னார்கள். பாடகர் குழுவில் இருந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் வாசலில் வைத்தே கேட்டார்.

"என்ன மாப்ள, நம்ம சபை ரசம் அம்புட்டு புளிக்குதா?"

"புளிக்கல மாப்ள. என் தொண்டைதான் சின்னது" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்துவிட்டார்.

விலக்கில் நடந்தது

அப்பா பஸ் டிரைவர். தனியார் பஸ். முதலாளி பெயர் இப்போது யாருக்கும் வேண்டாம். டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்கு வருகிற வண்டி. கண்டக்டர் மாரிமுத்து அண்ணன். அப்பாவுக்கு இளையவர், எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி.

லெந்து காலம். கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன், இயேசு பட்ட பாட்டை நினைத்து ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பிருப்போம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயிலில் ஆராதனை. அன்றைக்கு வேதபாடம் வாசிக்க அப்பாவின் முறை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாசிக்க வேண்டும். கல்லுப்பட்டியிலேயே வண்டி தாமதம்.

கல்லுப்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு விலக்கு, ஊருக்குள் போகிற பாதை பிரிகிற இடம். ராக்கம்மாள் என்கிற கீரைக்காரி அங்கே இறங்கினாள். காலையில் கீரை கொண்டுபோய் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்புகிறவள். பின்படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். கூடை கம்பியில் மாட்டிக்கொண்டது. மாரிமுத்து அண்ணன் உள்ளே சில்லறை கொடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் ரெண்டு விசில் அடித்தார். ரெண்டு விசில் என்றால் வண்டியை எடு. அப்பா எடுத்தார்.

பின் சக்கரம்.

அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அப்பா அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்: "விசில் காதுல கேட்டுச்சு சார். ஆனா என் கண்ணு கண்ணாடியில இருந்துச்சு. பச்சைச் சீலை படியில நிக்கிறது தெரிஞ்சுச்சு. எறங்கிருவான்னு நெனச்சு எடுத்துட்டேன். கோயிலுக்கு நேரமாச்சுன்னு எடுத்துட்டேன்."

அவர் எதையும் மறைக்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம், முதலாளியிடம், வக்கீலிடம், அம்மாவிடம், எல்லோரிடமும் அந்தக் கண்ணாடியைச் சொன்னார். ஒருத்தருக்கும் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் விசில்தான் வேண்டியிருந்தது.

"அண்ணே, விசில் அடிச்சது நானு. ஒங்க மேல என்ன தப்பு இருக்கு?" என்று மாரிமுத்து அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்.

வக்கீல் இன்னும் தெளிவாகச் சொன்னார். "கண்ணாடியப் பத்தி வாயே தொறக்கப்படாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்."

கோர்ட்டில் கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சில வருஷம் இழுத்தடித்துக் கடைசியில் இரண்டு பேரும் விடுதலை. வண்டி நிற்பதற்கு முன்பே அவசரப்பட்டு அந்தப் பொம்பளை இறங்கினாள் என்று சாட்சி சொன்னார்கள். சாட்சி சொன்னவர்கள் முதலாளிக்கு வேண்டியவர்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. தப்பு என்பது ஆவியாகிப் போகிற சாமான் இல்லை. யார் தலையிலாவது ஏறித்தான் உட்காரும். டிரைவர் தலையில் இல்லை, கண்டக்டர் தலையில் இல்லை என்று தீர்ப்பு வந்தால் அது எங்கே போகும்? ராக்கம்மாள் தலைக்குப் போயிற்று. செத்தவளுக்கு வாய் இல்லை. சிலுவையில் தொங்குகிறவர் என் தலையில் வையுங்கள், அதற்குத்தான் வந்தேன் என்கிறார். நாங்கள் அவரை விட்டுவிட்டு ஒரு கீரைக்காரி தலையில் வைத்தோம்.

அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் ராக்கம்மாளின் புருஷனை அப்பா பார்த்தார். ஒல்லியான ஆள், தோளில் துண்டு. அப்பா அவர் காலில் விழத்தான் கிட்டே போனார். அந்த ஆள் முந்திக்கொண்டு, "முடிஞ்சிருச்சா டிரைவரய்யா? அவ விதி அம்புட்டுத்தான். நீங்க என்ன செய்வீங்க? வாரேன், பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

"என்னையத் திட்டுறதுக்கு ஒருத்தர்தான் பாக்கி இருந்தாரு. அவரும் திட்டாமப் போயிட்டாரு" என்று அப்பா ஒரு தடவை என்னிடம் சொன்னார். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியவில்லை.

கேசரி

விடுதலையானால் ஸ்தோத்திர ஆராதனை வைப்பதாக அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். பிள்ளை பாஸானால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், வேலை கிடைத்தால், குடும்பமாகப் போய்ச் சபைக்கு முன்னால் நின்று கடவுளுக்கு நன்றி சொல்வது. நல்ல வழக்கம்தான். ஆனால் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாங்கள் யோசிக்கவில்லை.

எங்களை முன்னால் நிற்க வைத்தார்கள். அப்போதிருந்த போதகர், கர்த்தர் நம் சகோதரருடைய நீதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார் என்று ஜெபித்தார். சபை கை தட்டிப் பாடியது. அம்மா பட்டுச் சேலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்து வெளியே கேசரி, மிக்சர், பேப்பர் கப்பில் டீ. கேசரியில் முந்திரி நிறைய இருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா கையிலிருந்த இலைத்துண்டில் கேசரி அப்படியே ஆறிப்போய் நெய் வெள்ளையாக உறைந்தது.

ஒருத்தி நசுங்கிச் செத்தாள். அதற்கு நாங்கள் இனிப்பு சாப்பிட்டோம். வேறு எப்படி எழுதுவது?

அடுத்து வந்த முதல் ஞாயிற்றில் அப்பா காலை ஒதுக்கி உட்கார்ந்தார். அதிலிருந்து எழுந்திரிக்கவே இல்லை. பஸ்ஸும் ஓட்டவில்லை. ஒரு மர அறுவை மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

வந்து போன போதகர்கள்

எங்கள் போதகர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் வீடு சந்திப்பார்கள். உங்கள் அப்பா ஏன் பந்திக்கு வருவதில்லை என்று கேட்பார்கள். அப்பா மறுபடி முதலிலிருந்து கண்ணாடியைச் சொல்வார். ஒவ்வொருவரும் அதே பதிலை வேறு வேறு குரலில் சொன்னார்கள். ஒருவர் அதிரசம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். ஒருவர் மனநல ஆலோசனைக்குப் போகலாமே என்றார். ஒருவர் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே சொன்னார், அவர் நல்லவர். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அது விபத்து, உங்கள் மேல் தப்பில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கத்தோலிக்கர். அவர் ஒரு நாள், "எங்க கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுவோம்ல, அந்த மாதிரி மனசத் தொறந்து சொல்லிட்டா லேசாயிரும் அண்ணே" என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் போய்ச் சொன்னா, ஆமா, நீ செஞ்சது பாவந்தான்னு சாமியார் சொல்வாராம்மா?"

"அது... மன்னிச்சிட்டேன்னு சொல்வாருண்ணே."

"அது பெறகு. மொதல்ல இதச் சொல்வாரா?"

அப்பா போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். காளவாசல் சிக்னலில் நின்று பாருங்கள். ஆசீர்வாதப் பெருவிழா, அற்புதப் பெருவிழா என்று ஆளுயர பிளெக்ஸ் போர்டு. கோட்டுப் போட்டுச் சிரிக்கிற முகங்கள். நீ விசேஷமானவன், நீ வாலாகாமல் தலையாக இருப்பாய், உனக்கு வீடு கிடைக்கும், கார் கிடைக்கும். பாவி என்று ஒரு போர்டிலும் இல்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் கூட்டம் வராது போலிருக்கிறது. பாவியே இல்லாத ஊரில் இரட்சகருக்கு என்ன வேலை? சிக்னல் விழுகிற வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு நிற்பேன். பின்னால் ஆட்டோக்காரர் திட்டுவார்.

சிவப்புப் பெட்டி

என் வேலையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கப்பலூரில் ஒரு கம்பெனி. தண்ணீர் மோட்டாருக்கு வார்ப்பு மூடி செய்கிறோம். நான் செக்கிங்கில் இருக்கிறேன். வார்ப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் தண்ணீர் கசியும். மூடியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்று அடித்து, குமிழி வருகிறதா பார்க்க வேண்டும். வராவிட்டால் ஓகே ஸ்டிக்கர். வந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும்.

நான் வட்டம் போடுவது அதிகம். அதனால் கம்பெனியில் எனக்கு ரிஜெக்ட் எஸ்தர் என்று பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கும். "என்ன ரிஜெக்ட் எஸ்தரு, இன்னைக்கு எம்புட்டு தள்ளுன?" என்று சாயந்திரம் கேட்பார்.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வந்து நிற்பார். "சின்னக் குமிழிதானக்கா, ஓகே போட்டு விடுங்க. பாவம், நல்லாத்தான இருக்கு பீஸு." இரக்கம் வழியும் அவர் பேச்சில்.

ஆனால் எனக்குத் தெரியும். சிவப்புப் பெட்டிக்குப் போனால்தான் அந்த மூடியை வெல்டர் கையில் எடுப்பார். ஓட்டையை அடைத்து, தேய்த்து, திரும்ப என்னிடம் அனுப்புவார். ஓகே ஸ்டிக்கர் ஒட்டிய மூடியை எந்த வெல்டரும் தொட மாட்டார். அது ஓட்டையோடேயே போகும். எங்கேயோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் கசிந்துகொண்டே கிடக்கும்.

ஒரு நாள் தொட்டித் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு, மேலே ஏறி வருகிற குமிழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அவரோ சிவப்புப் பெட்டி எங்கே, சிவப்புப் பெட்டி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வீட்டில் யார் உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னாலும் நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். அவ்வளவுதான் செய்தேன். வேறு செய்யத் தைரியம் வரவில்லை.

மறுபடி அந்த மத்தியானம்

அப்பாவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டன. போன மழைக்காலம். ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார்கள். முகம் ஊதி, கண் இடுங்கிப்போயிருந்தது. வாயில் ஒரு உப்பு வாடை. பேச்சு மட்டும் தெளிவு.

பந்தி வாங்காமல் இவர் போய்விடுவாரே என்று அம்மாவுக்குப் பயம். சாவைவிட அதுதான் பயம். சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அவர்தான் போதகருக்குப் போன் போட்டு வரவழைத்தார். போதகர் சின்னப் பெட்டியில் அப்பமும் ரசமும் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்தார்.

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். போதகர் நீங்கள் தப்புப் பண்ணவில்லை என்றார். அப்பா சுவரைப் பார்த்தார்.

"பாவி மனுஷா, கடைசி நேரத்துலயாவது என் பேச்சக் கேளுங்களேன். ஒங்க மேல என்னங்க தப்பு? அவ விழுந்தா, நீங்க என்ன செய்வீங்க?" என்று அம்மா அழுதார்.

அப்பா மெதுவாகத் திரும்பினார். போதகரைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தார்.

"எஸ்தரு."

"என்னப்பா."

"நீதான செக்கிங்ல இருக்க. நீ சொல்லு."

விசிறி திரும்பி என் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. நான் எதையும் மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவள் என்றுதான் ஊரில் பெயர். இது வேறு. சாகக் கிடக்கிற தகப்பன். என்னைத் தூக்கி வளர்த்தவர். கண் என் மேலேயே இருந்தது. மரியாதைக்கு ஒரு பொய் சொல்லிவிடலாம். இன்னும் ஒரு ஸ்டிக்கர்.

"ஆமாப்பா" என்றேன். "கண்ணாடியில பாத்தீங்க. அவ படியில நிக்கிறது தெரிஞ்சும் எடுத்தீங்க. ராக்கம்மாள நீங்கதான் கொன்னீங்க."

அம்மா என் முதுகில் ஓங்கி அறைந்தார். "அடிப் பாவி! பெத்த அப்பன்டி!" அவர் கையிலிருந்த ஒரே வளையல் உடைந்து தரையில் தெறித்தது. போதகர் என்னைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவர் கையிலிருந்த அப்பம் ஊறி வளைய ஆரம்பித்திருந்தது.

அப்பா கண்ணை மூடித் திறந்தார். அந்த ஊதின முகத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நாள் தலையில் வைத்திருந்த மூட்டையை இறக்க யாரோ ஒரு கை கொடுத்த மாதிரி கழுத்து மட்டும் தளர்ந்தது.

"அதான்" என்றார். பிறகு போதகர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாய்யா? நான் செஞ்சது. இப்பச் சொல்லுங்க. இதுக்கும் மன்னிப்பு உண்டா?"

அந்தச் சின்ன வயதுக்காரர் ஜெபப் புத்தகத்தைத் திறக்கவில்லை. படித்த படிப்பு எதுவும் அந்த நேரம் அவர் கைக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். "உண்டுய்யா. இதுக்குத்தான் அவரு செத்தாரு" என்றார். அவ்வளவுதான்.

அப்பா வாயைத் திறந்தார்.

நாக்கு வெடித்து, வறண்டு, வெள்ளை படிந்திருந்தது. அப்பம் அதில் ஒட்டிக்கொண்டது. விழுங்க முடியவில்லை. நான் ஸ்பூனில் தண்ணீர் விட்டேன். தொண்டை ஏறி இறங்கியது. எங்களுக்கெல்லாம் மூச்சு திரும்பி வந்தது.

அதன்பின் அவர் சந்தோஷமாகச் செத்தார் என்று எழுதினால் அது பொய். மூச்சுத் திணறி, படுக்கையை நனைத்து, கஷ்டப்பட்டுத்தான் செத்தார். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

அடக்கத்தில் சபைப் பெரியவர் ஒருவர் எழுந்து, நம் சகோதரர் குற்றமற்ற மனிதர் என்று பேசினார். பெட்டிக்குள் கிடக்கிறவருக்கு அது கேட்காது என்பதுதான் ஒரே ஆறுதல்.

காலை ஒதுக்கி

அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோறு போடுவார், தட்டை நகர்த்தி வைப்பார், பேச்சில்லை. முதுகில் பட்ட அறை ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு வந்த மாத முதல் ஞாயிறு. இரண்டு பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஓரத்தில் அப்பா உட்காருகிற இடம். அதில் அம்மா உட்கார்ந்தார். எங்கள் வரிசை எழுந்தது. அம்மா எழுந்திரிக்கவில்லை. முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி எனக்கு வழி விட்டார்.

அம்மா பந்தியை விட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மை போட்டு எழுந்த வாரம்கூடப் போனவர்.

"வாம்மா" என்றேன்.

"நீ போ. நீதான் கல்லு நெஞ்சுக்காரி. அப்பன் சாகும்போது அந்தச் சொல்லச் சொன்னவ. ஒனக்கென்ன, போ." அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஆமாம்மா" என்றேன். பொய் இல்லையே. போய் முழங்கால் போட்டுக் கையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். மறுபடி காலை ஒதுக்கினார். உட்கார்ந்தேன்.

பின் பெஞ்சுகள் போய்க்கொண்டிருந்தன. ஆர்மோனியக்காரர் மெதுவாக ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா நேரே பார்த்தபடி, உதடு மட்டும் அசைய, கேட்டார்.

"அந்த ஸ்தோத்திரம் வைக்கணும்னு சொன்னது நான்தான?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அவரு வேணாம் வேணாம்னாரு. நான்தான் புடிவாதமா இழுத்துட்டுப் போயி நிக்க வச்சேன். கேசரிக்கு முந்திரி நான்தான் வறுத்தேன். ஒருத்தி வீட்டு எழவுக்கு. சொல்லுடி. நான்தான?"

அப்பாவிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அவர் போகிற ஆள். அம்மா நாளைக்கும் என் எதிரில் தட்டை வைக்கப்போகிறவர். அவர் கையைப் பிடித்தேன். உடைந்த வளையலுக்குப் பதிலாக இன்னும் எதுவும் போடவில்லை. வெறும் கை.

"ஆமாம்மா. நீதான்."

அம்மா தலையை ஆட்டினார். கடைசி வரிசையும் எழுந்து போய்விட்டது. போதகர் கிண்ணத்தை மூடத் துணியை எடுத்தார். அப்போது அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைக் கூப்பிடவில்லை. நடைபாதையில் தனியாக, ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். சபை முழுக்கப் பார்த்தது. போதகர் துணியைக் கீழே வைத்தார்.

அம்மாவுக்கு மூட்டு வலி. முழங்கால் மடங்கவில்லை. ஒரு முறை முயன்று பார்த்து, முடியாமல், அடைப்புக்கு முன்னால் நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினார்.